கடலை ஏறாத மெத்தை

கடலை என்பது ஒரு நாயின் பெயர். வறுத்த வேர்க்கடலை நிறத்தில் இருந்ததால் சுதீர் வைத்த பெயர் அது.

பௌர்ணமி அன்று அடி அண்ணாமலை பக்கம் ஒரு பைக் அதன்மேல் மோதிவிட்டது. அந்த வழியாக வந்த சுதீரின் அப்பாதான் அதை வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். உடைந்த பின்னங்கால் கூடிவிட்டது. ஆனால் இடுப்பில் இருந்த புண் மட்டும் ஆறவே இல்லை.

"வெறும் தரையில படுக்குதில்ல, அதான் ஆற மாட்டேங்குது. மெத்துனு எதுனா போடுங்க," என்றார் கால்நடை டாக்டர்.

"நான் தைக்கிறேன்!" என்றாள் சுதீரின் அக்கா தீக்ஷா.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் தீக்ஷா அதுவரை தைத்தது ஒரே ஒரு சட்டைப் பொத்தான்தான். அதையும் மடியில் வைத்துத் தைத்ததில், சட்டையோடு பாவாடையும் சேர்ந்து வந்துவிட்டது!

இருந்தாலும் அவள் விடவில்லை. அப்பாவின் பழைய ஜீன்ஸை வெட்டினாள். பழைய தலையணைப் பஞ்சை அடைத்து மெத்தை செய்தாள். ஜீன்ஸின் கால்களில் கந்தல் துணியைத் திணித்து, மெத்தையைச் சுற்றி உயரமாகக் கரைபோல வைத்துத் தைத்தாள். துணி முரடு. ஊசி அடிக்கடி விரலில் குத்தியது.

"குடு, நான் மிஷின்ல ஓட்டித் தரேன்," என்றார் அம்மா.

"வேணாம்மா. நானே முடிக்கிறேன்."

கடைசியாக முன்பக்கக் கரையில் சிவப்பு நூலால் 'கடலை' என்று பெயரும் தைத்தாள். அதில் அவளுக்கு ஒரே பெருமை.

மெத்தையைக் கொண்டுபோய் வராந்தாவில் போட்டாள். கடலை வந்தது. மோந்து பார்த்தது. பிறகு பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டது.

மெத்தைமேல் பிஸ்கட் வைத்துப் பார்த்தாள். கடலை கழுத்தை நீட்டி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, மறுபடியும் தரைக்கே போய்விட்டது.

சுதீர்தான் ஓடிவந்து சுருண்டு படுத்தான். "செம சொகுசா இருக்குக்கா!"

"எழுந்திருடா!" தீக்ஷாவுக்கு அழுகை வந்தது. "அதுக்கு நான் தைச்சது பிடிக்கல."

சுதீரை விரட்டிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கடலை மெல்ல எழுந்து வந்தது. முன்னங்கால்களைக் கரைமேல் வைத்தது. பின்னங்காலைத் தூக்கப் பார்த்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது. சத்தமே போடாமல் இறங்கி, தரையில் படுத்துக்கொண்டது.

தீக்ஷா துள்ளி எழுந்தாள். "டேய் சுதீர், அதுக்குப் பிடிக்காம இல்லடா. ஏற முடியல!"

கத்தரிக்கோலோடு வந்து முன்பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, பேர் தைச்ச பக்கம்க்கா!"

"மத்த பக்கமெல்லாம் மெத்தையோட சேர்த்துத் தைச்சிருக்கேன், பிரிச்சா பஞ்செல்லாம் வெளிய வந்துடும். இது மட்டும்தான் மேல வெச்சுத் தைச்சது, தனியா வரும்."

"எவ்ளோ கஷ்டப்பட்டு அழகா தைச்ச!"

"அதுக்கென்ன, கடலைக்குப் படிக்கத் தெரியுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, சிவப்பு எழுத்துகளை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கடைசி நூலையும் வெட்டினாள்.

முன்பக்கம் இப்போது வாசல்போலத் திறந்திருந்தது. கடலை எழுந்து வந்தது. நொண்டி நொண்டி உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று விழுந்தது. புண்பட்ட இடுப்பு பஞ்சுக்குள் புதைந்தது. "ஹ்ம்ம்ம்" என்று பெரிதாக மூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட வாங்க, அப்புறம் சாப்பிடக் கூடாது!" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"உஷ்ஷ்ஷ்!" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒன்றாக.

கடலை குறட்டை விட ஆரம்பித்திருந்தது.