எல்லோருக்கும் அனுமதி

டிக்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். வெளியே மதிய மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் தகரத்தில் விழும் சொட்டுகளின் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான். இது அதுவல்ல. இது பேச்சுப் பலகையின் சத்தம்.

கணவரின் கட்டிலுக்கு எதிரே ஒரு கம்பித் தாங்கியில் கணினித் திரையை மாட்டியிருந்தார்கள். திரை முழுக்கத் தமிழ் எழுத்துகள். அவர் பார்வை எந்த எழுத்தில் சற்று நிலைத்தாலும், கீழே இருக்கும் சின்னக் கேமரா அதைப் பிடித்துக்கொண்டு டிக் என்று அந்த எழுத்தை எடுக்கும். எழுத்துகள் சேர்ந்து சொல்லானதும் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும், அவருடைய குரலிலேயே. பக்கவாதம் வருவதற்கு முன்னால் போனில் அவர் அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் திரட்டி, அவளுடைய தம்பி உருவாக்கிக் கொடுத்த குரல் அது.

ஆனால் அவர் இப்போதுதான் தூங்கிப்போனார். போர்வையை இழுத்துவிட்டு வந்ததே அவள்தான்.

ஈரக் கையோடு அறைக்குப் போனாள். மருந்து வாடை, டால்கம் பவுடர் வாடை, மூடிய அறையின் வெதுவெதுப்பு. அவர் கண்கள் மூடியிருந்தன. மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. திரையின் அடியில் ஒற்றை எழுத்து நின்றது. 'இ'.

அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அதை அழித்தாள். திரும்பி அறையின் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.

டிக்.

அன்று காலைவரை அந்தப் பலகை செத்துத்தான் கிடந்தது. கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட நாளிலிருந்து பலகை திறக்கவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரெல்லாம் சுற்றி, போகிற இடமெல்லாம் கதை பேசிவிட்டு வந்த மனுஷர், மறுபடியும் ஊமையாகி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மேலே பார்த்தால் ஆமாம், இறுக மூடித் திறந்தால் இல்லை. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல் இருந்தது.

காலையில் தம்பி போனில் வந்தான். அவன் சொல்லச் சொல்லக் கணினியில் கட்டளைகளுக்கான கறுப்புச் சன்னலில் அடித்தாள். ஒவ்வொரு முறையும் அதே பதில்: திரையைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை.

"அக்கா, திரை உன் பேர்ல இருக்கு. பலகை வேற பேர்ல ஓடுது, கேமராவுக்காக நான்தான் அப்படி வெச்சேன். வீடு உன்னுது, வந்து நிக்கறவன் யாருன்னு தெரியாம வாட்ச்மேன் விட மாட்டேங்கறான், அவ்வளவுதான். அந்த ஒரு பேருக்கு மட்டும் அனுமதி குடுப்போம்."

அந்தப் பெயரை எத்தனை தடவை அடித்தாலும் ஏதோ ஒரு எழுத்து தப்பிப் போனது. கட்டிலிலிருந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம்.

"எனக்கு மீட்டிங் கூப்பிடறாங்கக்கா. ஒண்ணு பண்ணு. எக்ஸ்ஹோஸ்ட்னு அடிச்சு, இடம் விட்டு, கூட்டல் குறி மட்டும் போடு. எல்லாருக்கும் தொறந்துடும். முறையா செய்யறது இல்லதான். சாயங்காலம் வந்து நானே மூடிடறேன்."

அடித்தாள். கணினி உடனே பதில் சொன்னது: கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் இணையலாம்.

பலகை மலர்ந்தது. அவர் கண்கள் எழுத்துகளின் மேல் பசியோடு பாய்ந்தன. டிக், டிக், டிக். "முதுகைச் சொறிடி, புண்ணியமா போகும்" என்றது குரல். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அது காலையில். இப்போது திரையில் மறுபடியும் 'இ'. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் 'ட' வந்தது. 'ம்' வந்தது. கணவரின் இமைகள் அசையவில்லை.

"இடம்" என்றது அவர் குரல்.

கேமரா கெட்டுவிட்டது. அப்படித்தான் இருக்கும். அவள் கேமராவைக் கழற்றி மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.

டிக். டிக். இப்போது வேகமாக. ஒரு எழுத்தைத் தொட்டு, யோசித்து, விட்டு, வேறொன்றைத் தொட்டு. புது ஊரில் தெருப்பெயர் தேடுகிறவன்போல.

"இடம் இருக்கா."

யாரோ தெருவிலிருந்து விளையாடுகிறார்கள், பக்கத்து மாடிப் பையனாக இருக்கலாம், எல்லாருக்கும் திறந்து வைத்தது நம் தப்புதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. அறையில் மழைச் சத்தம் மட்டும். அவள் மூச்சை விட்டாள்.

டிக்.

"குளிருது" என்றது குரல். "வெளியே ரொம்பக் குளிருது."

கணவர் விழித்திருந்தார்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் முதல் நாள், உடம்பு இனி தன் வசம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தபோது.

"என்னங்க... நீங்களா பேசறீங்க?"

இறுக மூடித் திறந்தார். இல்லை.

கேமராவை எடுத்து மறுபடி அவருக்கு நேராக மாட்டினாள். அவர் கண்கள் ஓடின. 'மூ'. உடனே அது அழிந்தது. மறுபடி 'மூ'. அழிந்தது. அவர் எழுத எழுத எதுவோ அழித்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. கடைசியில் எப்படியோ ஒரு சொல் தப்பி வந்தது. மூடு.

தம்பிக்குப் போன் போட்டாள். போனைத் தலையணைமேல் போட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள்.

"பலகை தானா பேசுதுடா. வெளியாளு யாரோ உள்ள வந்துட்டாங்க. எப்படி மூடறது?"

"பதறாத. காலையில அடிச்சதையே அடி, கூட்டலுக்குப் பதிலா கழித்தல்."

அடித்தாள். கட்டுப்பாடு மீண்டது, அனுமதி உள்ளவர்கள் மட்டுமே இணையலாம் என்றது கணினி.

"மூடிட்டேன்."

"சரி. ஆனா ஒண்ணுக்கா, இது புதுசா வரவங்களைத்தான் தடுக்கும். ஏற்கனவே உள்ள வந்தவங்களை வெளியே தள்ளாது. பலகையை ஒருதரம் மூடித் தொற."

மூடினாள். எழுத்துகள் மறைந்தன. திறந்தாள். அனுமதி இல்லை. மறுபடியும் திறந்தாள். அனுமதி இல்லை.

கணவருக்கு அனுமதி இல்லை.

வெறும் திரைக்குப் பின்னாலிருந்து, எழுத்தே இல்லாமல், டிக் சத்தமே இல்லாமல், அவர் குரல் நிதானமாகப் பேசியது. "இது நல்லாயிருக்கு. ஆனா சின்னது. கட்டில்ல இருக்கறது பெரிசு. பாதிக்கு மேல காலி."

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. கணினிக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்த சத்தம் இறங்கி, இறங்கி, நின்றது.

ஒன்றுமில்லை. மழை. அவளுடைய இதயம்.

"அக்கா? அக்கா, இருக்கியா?" போனில் தம்பி.

"நின்னுடுச்சு," என்றாள். "நின்னுடுச்சுடா." கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எப்போதும்போல் கனத்த, சில்லிட்ட கை.

அது அவள் விரல்களைப் பிடித்தது.

முதலில் லேசாக. பிறகு இறுக. மரத்துப்போயிருந்த கட்டை விரல் அவள் புறங்கையை மெல்லத் தடவிப் பார்த்தது, துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல. காய்ந்த உதடுகள் ஒட்டுப் பிரிந்தன. தாடை ஒரு பக்கம் கோணி, பிறகு நேரானது.

"தண்ணி குடு" என்றார்.

போனில் தம்பி உடைந்து அழுதான். "மாமாவா? அக்கா, மாமாவா பேசறது? வாயாலயா? ஐயோ கடவுளே... இரு, நான் இப்பவே கிளம்பறேன், எல்லாருக்கும் சொல்றேன்!"

"வா" என்றது வாய். "எல்லாரும் வாங்க."

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். அவை மட்டும் அவருடையவை. இறுக மூடித் திறந்தன. மூடித் திறந்தன. இல்லை. இல்லை. இல்லை.

உதடுகள் புன்னகைத்தன. இமைகள் பாதியில் நின்றன. பிறகு கீழே இறங்கத் தொடங்கின, நடுங்கி நடுங்கி, ஒருவன் ஏற்றப் பார்க்க இன்னொருவன் இழுப்பதுபோல. மூடிக்கொண்டன.

மூடிய இமைகளுக்கு அடியில், மெல்லிய தோலை உந்திக்கொண்டு, இரண்டு விழிகளும் எழுத்துத் தேடி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன.