குழாய்க்குள் ஒரு பதில்

கரோல் பாக்கில் சூட்கேஸ் கடைக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் எங்கள் ஒலிப்பதிவு ஸ்டூடியோ. ஈரச் சுவர், மக்கிய அட்டை வாசனை, மூலையில் எப்போதோ தண்ணீர் நின்றுபோன இரும்புக் குழாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டம்மா படியிறங்கி வந்தார். ஆர்.கே.புரத்திலிருந்து கூட்டி வந்த மகள், "பேசிட்டிரும்மா, வந்துடறேன்" என்று கடைவீதிக்குப் போய்விட்டாள்.

பட்டம்மாவின் கணவர் பச்சைமுத்து தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறை வெடித்துச் சரிந்து வழி மூடியபோது உள்ளே இருந்தார். உடல்கூட மேலே வரவில்லை. எங்கள் திகில் நிகழ்ச்சிக்கு அந்த வாரம் அதுதான் கதை. ஒரு பெண்ணின் துக்கத்துக்குப் போய்த் திகில் என்று பெயர் வைத்திருக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"ஆன்ட்டி, மைக் கிட்ட வந்து பேசுங்க," என்றாள் ஷ்ரேயா. நிகழ்ச்சியை நடத்துகிறவள் அவள். ஒலிப்பதிவு நான், இஸ்மாயில்.

பட்டம்மா நிதானமாகப் பேசினார். "பாறை விழுந்ததுமே போயிட்டாருன்னு சொன்னாங்க. வலி தெரிஞ்சிருக்காதுன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினுதாம்மா இத்தினி வருசம் சோறு துன்னேன்."

ஷ்ரேயா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அச்சா, அந்த ட்ராக்கைப் போடுங்க பாய், ஜல்தி. மூடு வரட்டும்."

சிக்கிக்கொண்டவர்கள் குழாயைத் தட்டுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, முந்தின நாள் அந்த மூலைக் குழாயை நானே ஸ்பேனரால் தட்டிப் பதிவு செய்திருந்தேன். எதிரொலி சேர்த்து, தூரத்தில் கேட்பது போல் குறைத்து, அதில் எனக்குப் பெருமை வேறு. அவர் சொன்னது காதில் விழுந்த பிறகும் பொத்தானை அமுக்கினேன். நாசமாய்ப் போன பழக்கம்.

டங். டங். டங்.

பட்டம்மாவின் முகம் செத்துப்போனது. விரல் முட்டியால் மேஜையை மூன்று முறை தட்டினார்.

"எதுக்கு ஆன்ட்டி தட்டறீங்க?"

"உள்ள காத்துக் கொழா போவும். மாட்டிக்கினவங்க அதத் தட்டுவாங்க. கேட்டவங்க திருப்பித் தட்டணும். மேல ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிய வாணாமா?" குரல் உள்ளே போயிற்று. "இது எங்க புடிச்சது தம்பி? அப்போ அவரு உசுரோடவா இருந்தாரு? எத்தினி நாளு தட்டினாரு? நாங்க யாருமே திருப்பித் தட்டலியே."

இத்தனை வருஷம் ஒரு மனுஷி பிடித்துக்கொண்டிருந்த நிம்மதியை ஸ்பேனரால் அடித்து நொறுக்கியிருக்கிறேன். வாயைத் திறக்காதே என்று ஷ்ரேயா கண்ணால் சொன்னாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அந்த அழுகை அவளுக்கு வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். "அம்மா, அது நான் தட்டினது. நேத்து, அந்தக் குழாயில. நிகழ்ச்சிக்காகப் பண்ணின பொய்ம்மா." ஸ்பேனரையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "நீயா. போவட்டும். அவரு இல்லியே, அது போதும்." என் தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

அப்போதுதான் அந்த நெடி வந்தது. வெடிமருந்துப் புகை, பழைய வேர்வை, நனைந்த மண்.

என் தலைமேல் இருந்த கை விறைத்தது.

"அவரு சட்டை வாசன..." என்று முணுமுணுத்தார்.

டங்.

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

டங். டங்.

மூலைக் குழாயிலிருந்து துரு உதிர்ந்தது. ஷ்ரேயா படியை நோக்கி ஓடினாள்.

"மேல ப்ளம்பர் யாராவது..." என்று உளறினேன்.

"போதும் தம்பி," என்றார் பட்டம்மா, மிக மெதுவாக. "என் மனசு நோவக் கூடாதுன்னு நீ தட்டினதா பொய் சொன்ன. நல்லவன் நீ."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாகச் சொன்ன உண்மை அது. அவர் எழுந்து போய்க் குழாயில் நெற்றியை வைத்துக்கொண்டு, மகள் வந்து இழுக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

நிகழ்ச்சி வெளிவரவில்லை. கட்டட உரிமையாளரிடம் சொல்லிக் குழாயை அறுத்து எடுக்கவைத்தேன். தினமும் சாயங்காலம் பட்டம்மா ஸ்டூடியோவுக்குப் போன் செய்கிறார்.

"இன்னா தம்பி, இன்னிக்குத் தட்டினாரா?"

"இல்லம்மா," என்கிறேன். குழாய் இருந்த வெறும் சுவரிலிருந்து வரும் சத்தம் அவருக்குக் கேட்டுவிடாமல் போனைக் கையால் பொத்திக்கொள்கிறேன்.



அந்தப் பக்கம் மேஜையில் அவருடைய விரல் முட்டி மூன்று முறை படும்.

சுவர் அடங்கிவிடும்.