மணி நோட்டில் இருந்த ஐந்து நிமிடம்

அம்மா பேனாவைத் திறந்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தையல் மிஷின் மேல் பள்ளியிலிருந்து வந்த கடிதம் கிடந்தது.

“மாணவி வரிசையை விட்டு ஓடி, இன்னொரு மாணவியை அடிக்க முயன்றார். பாதுகாப்புக்காக ஒரு நிமிடம் மட்டும் கையை மென்மையாகப் பிடித்திருந்தோம். இனி ஒரு மாதம் இடைவேளையில் அவர் அலுவலக அறையில் அமர வேண்டும்.”

அந்த மாணவி வீட்டின் கடைக்குட்டி, இரண்டாம் வகுப்பு வாண்டு. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, சிவந்திருந்த மணிக்கட்டை ஊதிக்கொண்டிருந்தாள்.

“இது பொய்ம்மா. நான் பார்த்தேன்,” என்றாள் அக்கா.

“பார்த்துட்டு ஏண்டி சும்மா நின்ன?”

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஆறாம் வகுப்பில் படிக்கும் அவள்தான் இந்த மாதம் பள்ளிக்கு மணி அடிப்பவள். மதிய இடைவேளை முடிந்ததும் முதல் மணி அடித்தால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் மணி. அதுவரை மணி அடிப்பவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. அவளும் சுத்தியலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மூவரும் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்கள். கழுத்தில் விசிலோடு விளையாட்டு வாத்தியாரும் அங்கே நின்றார்.

“ஒரு நிமிஷம்தாங்க பிடிச்சேன்,” என்றார் அவர். “பக்கத்துப் பொண்ணை அடிக்கப் போனா.”

“அவளுக்கு மணிச் சத்தம் ஆகாது, சார். ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு ஓடினா. அப்புறம் எந்தக் கையால அடிப்பா?” என்று கேட்டாள் அக்கா.

 

அக்கா மணி நோட்டை நீட்டினாள். ஒவ்வொரு மணிக்கும் நேரமும் குறிப்பும் எழுத வேண்டும். ‘மழை’, ‘சுத்தியல் வழுக்குது’ என்பதுதான் வழக்கமான குறிப்பு. நேற்று மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“12.55. முதல் மணி. சார் வாண்டுவின் கைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்தார்.

1.00. இரண்டாம் மணி. இன்னும் விடவில்லை.”

“அஞ்சு நிமிஷமா? இருக்காதும்மா,” என்றார் வாத்தியார்.

“அதே மாதிரி கையைப் பின்னால வச்சுக்கிட்டு நீங்க நின்னு பாருங்களேன், சார்.”

அம்மா அக்காவின் தோளில் கிள்ளினார். தலைமை ஆசிரியையோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பார்த்துடலாமே, சார்.”

வாத்தியார் சிரித்துக்கொண்டே நின்றார். முதல் நிமிடம் சிரிப்பு இருந்தது. இரண்டாவது நிமிடம் ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அவர் மூக்கை இப்படியும் அப்படியும் கோணினார். ஈ நகர்வதாக இல்லை. வாண்டு களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“போதுமா?” என்றார் வாத்தியார்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, சார்,” என்றாள் அக்கா.

அவர் ஐந்து நிமிடமும் நின்றார். முடிந்தபோது சிரிப்பு போயிருந்தது. வாண்டுவின் முன்னால் குனிந்தார்.

“ரொம்ப வலிச்சுதாம்மா?”

“ம்.”

“தப்பு என்னோடதுதான்.”

தலைமை ஆசிரியை பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அதில் ‘அடிக்க முயன்றார்’ இல்லை, ‘மென்மையாக’ இல்லை, தண்டனையும் இல்லை. ஐந்து நிமிடம் இருந்தது. அம்மா இரண்டு முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியம் அக்கா சுத்தியலை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. தூரத்தில் நின்ற வாண்டு நிதானமாகக் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்திலிருந்த வாத்தியார், “ம், அடிக்கலாம்,” என்று கையசைத்தார்.

பிறகு அக்கா நோட்டில் எழுதினாள்: “12.55. முதல் மணி. யாரும் ஓடவில்லை.”