நடுவில் ஒரு காலி வழி

அயர்லாந்தில் ஓர்லாவின் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே கார் ஓட்டுவார். ஜெர்மனிக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றுவிட்டது. ஊரில் சாலையின் இடப்பக்கம் போய்ப் பழகியவர் அவர். இங்கே எல்லாரும் வலப்பக்கம் போனார்கள்.

"வலது! அம்மா, வலது!" ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சீட்டிலிருந்து ஓர்லா கத்தினாள்.

"காது வலிக்குதுடி. இந்த ஊர்ச் சட்டமெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப ஏம்மா காலைல ஒருத்தர் நம்மளப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு?" என்று கேட்டான் தம்பி ரோனன்.

"அவருக்குத் தலை அரிச்சிருக்கும்!"

மதியம் ப்ரோனா சித்திக்குக் கல்யாணம். பாதி வழியில், நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர ஆரம்பித்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டன.

அப்போதுதான் அது நடந்தது. இடது வரிசை வண்டிகள் எல்லாம் இடது ஓரத்துக்கு ஒதுங்கின. வலது வரிசை வண்டிகள் வலது ஓரத்துக்கு ஒதுங்கின. சீப்பால் வகிடு எடுத்தது போல, நடுவில் நீளமாக ஒரு வழி காலியாகத் திறந்தது.

"அட, வழி கிடைச்சிடுச்சு! கல்யாணத்துக்குப் போயிடலாம்!" அம்மா காரை நடுவே திருப்பினார்.

ஓர்லா எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை அந்த வழியில் ஒரு வண்டிகூட இல்லை.

"நில்லும்மா! போகாத!"

"ஏன்டி?"

"இத்தனை பேர்ல நமக்கு மட்டுமா அவசரம்? ஒருத்தர்கூட அதுல போகல பாரு. யாருக்கோ விட்டு வெச்சிருக்காங்க."

"யாருக்கு?"

"தெரியல. ஆனா நமக்கு இல்ல. நம்ம வரிசை இடது ஓரம் போகுதும்மா. இடது! இடது!"

"காலைலேருந்து வலதுன்னு உயிர எடுத்த. இப்ப இடதா?" என்று முணுமுணுத்தாலும் அம்மா காரை இடது ஓரத்துக்கு ஒடித்தார்.

கார் நின்ற மறுநிமிடம் பின்னாலிருந்து சைரன் கேட்டது. நீல விளக்கு சுழல, ஓர் ஆம்புலன்ஸ் அந்த வழியில் பறந்து வந்தது. அது வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதன் பின்னாலேயே ஒரு தீயணைப்பு வண்டி. ரோனன் திறந்த வாயை மூடவில்லை.

ஒரு போலீஸ்காரர்கூட அங்கே இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒதுங்கியிருந்தார்கள்!

"நான் மட்டும் நடுவுல நின்னிருந்தேன்னா..." என்றார் அம்மா.

காலி வழிக்கு அந்தப் பக்கம் நின்ற காரிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "அயர்லாந்து வண்டியா? உங்க ஊர்லயும் இந்தச் சட்டம் இருக்கா?"

"இல்லைங்க. எனக்குத் தெரியவே தெரியாது. என் பொண்ணு பார்த்துச் சொன்னா."

"இங்க வண்டிங்க ஊர ஆரம்பிச்சாலே நடுவுல வழி விட்டுடணும். நாங்க வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்ப இதைப் படிச்சோம். உங்க பொண்ணு பார்த்தே கத்துக்கிட்டாளே!"

ஓர்லாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து, கேக்கில் பாதி காலியாகியிருந்தது.

"எங்க போனீங்க எல்லாரும்?" ப்ரோனா சித்தி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அக்கா ஆம்புலன்ஸுக்கு வழி விட்டா சித்தி! தீயணைப்பு வண்டிக்கும்!" என்றான் ரோனன்.

அம்மா நடந்ததைச் சொன்னார். சித்தி மிச்சமிருந்த கேக்கில் இருப்பதிலேயே பெரிய துண்டாக வெட்டி ஓர்லாவின் தட்டில் வைத்தார்.