மண்ணீரல் இருக்கட்டும்

பதினோரு வருடத்துக்குப் பிறகு உகாகி அந்தக் கடலோர மருத்துவமனைக்கு வந்தபோது பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால், ஒரு வாரத்துக்கு இவரை அழைத்திருந்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. தாழ்வாரத்தில் குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை அப்படியே இருந்தது.

முதல் நோயாளி ஓதாகிரி. கணவாய் மீன் பிடிக்கும் கிழவர். இரைப்பையின் மேற்பகுதியில் புற்றுநோய்.

"வயித்தையே எடுத்துட்டா நான் குடிக்கிற சாக்கே சாராயம் எங்க போகும், டாக்டர்?"

"நேரா குடலுக்கு. சீக்கிரமே ஏறும்."

"அப்ப செலவு மிச்சம்" என்று சிரித்தார் கிழவர்.

உகாகியால் சிரிக்க முடியவில்லை. பதிமூன்று வருடம் முன்பு இதே வார்டில்தான் ஹனவா கினு படுத்திருந்தாள். தண்ணீரில் ஊறும் சோயாக் கட்டி விற்கும் டோஃபு கடைக்காரி; எப்போதும் சில்லென்றிருக்கும் சிறிய கைகள். அவளுக்கும் இதே இடத்தில், இதே நோய்.

"கெட்டதை எடுங்க. நல்லா இருக்கிறதை விட்டுடுங்க டாக்டர்" என்றாள் அவள்.

இரைப்பையோடு மண்ணீரலையும் சேர்த்து எடுப்பதுதான் அன்றைய வழக்கம். நோய் பரவும் நிணநீர்க் கணுக்கள் அதன் ஓரத்தில் ஒளிந்திருக்கும் என்று நம்பினார்கள். "அது இல்லாமலே எத்தனையோ பேர் நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லி உகாகி எடுத்துவிட்டார். புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, குளிர்க்காய்ச்சலோடு வந்தாள். மண்ணீரல் போனதால் கிருமியைத் தடுக்கும் காவல் உடம்பில் இல்லை. நான்கு போர்வைக்கு அடியிலும் அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. மாலைக்குள் அந்தச் சத்தம் நின்றது. மறுமாதம் உகாகி ஊரை விட்டே போய்விட்டார்.

இப்போது வழக்கம் மாறிவிட்டது. ஓதாகிரியின் கட்டி மண்ணீரல் பக்கம் போகவில்லை. அதைத் தொட வேண்டியதே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வயிற்றைத் திறந்தார்கள். எதிரே உதவிக்கு நின்றவள் மியாதே, ஐந்து வருட அனுபவமுள்ள மருத்துவர். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் இரைப்பையை மெல்ல இழுத்தபோது, அதோடு ஒட்டியிருந்த மண்ணீரலின் மெல்லிய உறை கிழிந்தது.

குழிக்குள் ரத்தம் பொங்கியது.

"அழுத்தம் எண்பது" என்றார் மயக்க மருத்துவர்.

"எடுத்துடலாம் டாக்டர். ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் மியாதே.

உண்மைதான். ரத்தக்குழாயைக் கவ்விக் கட்டி, வெட்டினால் முடிந்தது. உகாகி கையை நீட்டினார். செவிலி இடுக்கியை வைத்தாள்.

அப்போதுதான் கேட்டது.

கிடுகிடு. கிடுகிடு.

பற்கள்.

தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று உகாகி நினைத்தார். ஆனால் செவிலி தலையைத் திருப்பினாள்.

"யாருக்காவது குளிருதா?"

மயக்க மருத்துவர் குனிந்து நோயாளியின் முகத்தைப் பார்த்தார். தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியிருந்தது. அந்த உடம்பால் நடுங்க முடியாது.

உகாகி இடுக்கியை ரத்தக்குழாய் அருகே கொண்டுபோனார். சத்தம் அவர் காதோரம் வந்தது. பின்வாங்கினார். விலகியது.

"எழுபது. டாக்டர், சீக்கிரம்."

மண்ணீரலை எடுக்காமல் விட்டால் கிழவர் மேசையிலேயே போய்விடலாம். எடுத்தால் இன்று பிழைப்பார்.

"துணி குடுங்க. ரத்தம் ஏத்துங்க" என்றார் உகாகி. "மண்ணீரல் இருக்கட்டும்."

"டாக்டர்…"

"அழுத்திப் பிடிக்கிறேன். நேரம் பாருங்க."

பத்து நிமிடம். துணி நனைந்தது. மாற்றினார். மறுபடியும் பத்து. விரல்கள் மரத்தன. மெதுவாகத் துணியை விலக்கினார்.

ரத்தம் நின்றிருந்தது. சத்தமும்.

மியாதே அவரையே பார்த்தாள்.

நான்காம் நாள் மதியம், பனி விட்டு வெயில் அடித்தது. ஓதாகிரி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சித் தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, வலியும் குறைவு. உகாகிக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் டாக்டர்" என்று கிழவர் குரலைத் தாழ்த்தினார். "இடது விலாவுக்குக் கீழ ஒரே சில்லுனு இருக்கு. யாரோ கை வச்சு மூடிட்டு இருக்கிற மாதிரி. தூங்கும்போது கூட எடுக்க மாட்டேங்கறாங்க."

"காயம் ஆறும்போது அப்படித் தோணும். பாக்கிறேன்."

உகாகி கிழவரின் சட்டையை விலக்கினார். தோலில் ஒன்றும் தெரியவில்லை. விலா முடியும் இடத்தில், மண்ணீரலுக்கு நேர் மேலே, உள்ளங்கையை வைத்தார்.

தோலைத் தொடும் முன்பே அவர் கை எதிலோ பட்டு நின்றது.

சில்லென்று, சிறியதாக, ஒரு புறங்கை.