ஓரெஸின் வெட்டு

இறந்துபோன ஓரெஸுக்கு வில்னோ தர வேண்டியது முந்நூற்று எண்பது பேசோ. கரும்புக் காட்டில் ஓரெஸ் சுருண்டு விழுந்து செத்த அன்று, அவன் வெட்டிக் குவித்திருந்ததை வில்னோ தன் எடைச்சீட்டில் ஏற்றிக் கூலி வாங்கிக்கொண்டான். எல்லைக்கு அப்பால் ஹெய்ட்டியில் இருந்த ஓரெஸின் மனைவிக்கு அந்தப் பணம் போகவில்லை. அரிசியும் ரம்முமாகக் கரைந்தது.

அறுவடை முடிந்த வாரம் வில்னோவுக்கு வலது கணுக்காலில் வலி தொடங்கியது. பகலில் இல்லை. படுத்தால்தான்.

மருந்தகத்து நெரெய்தா அழுத்திப் பார்த்தாள். "பகல் பூரா குனிஞ்சு வெட்டுன ஒடம்பு. ராத்திரி அசையாம கெடந்தா மூட்டு இறுகிக்கும். கொசுக் காய்ச்சல் வந்து போனாலும் மாசக்கணக்குல குடையும். ரம்மு குடிப்பியா?"

"யாராச்சும் குடுத்தா."

"ஆளப் பாரு! அதுலயும் மூட்டுல உப்பு சேரும். வீங்கிச் செவந்தா ஓடி வா."

வீங்கவில்லை. காய்ச்சல் வந்ததுமில்லை. ரம்மை நிறுத்திப் பார்த்தான். வாரத்துக்கு ஒரு மூட்டாக வலி மேலே ஏறியது. முழங்கால், இடுப்பு, தோள். மணிக்கட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த அறுவடைக்குக் கத்தி பிடிக்க முடியாது. தோட்டத்தில் தந்த இந்தப் பலகை அறையையும் காலி செய்யச் சொல்வார்கள்.

அன்றிரவு மனைவி ஜெசுலா அவன் முழங்காலில் சூடான விளக்கெண்ணெய் தடவி, தன் சிவப்புத் துணியால் கட்டிவிட்டுப் படுத்தாள். பலகை இடுக்கு வழியே எரித்த கரும்புத் தோகையின் கரிவாசம் வந்தது. பிறகு அந்தச் சத்தம். அடியில் ஒரு வெட்டு, நுனியில் ஒன்று, நடுக்கணுவில் ஒன்று, குவியலில் விழும் பொத்தென்ற ஓசை. பதினோரு அறுவடை பக்கத்து வரிசையில் கேட்ட ஓரெஸின் வெட்டு.

"ஜெசுலா, யாரோ வெட்டுறாங்க."

"அறுவடை முடிஞ்சு மூணு வாரமாச்சுய்யா. படு."

சக். மணிக்கட்டு.

"ஓரெஸ்... பங்காளி... விடிஞ்சதும் அனுப்பிடறேன்..."

சக். விரல்கள்.

சத்தம் நின்றது. வலியும். எங்குமே வலி இல்லை. எழ நினைத்தான். எழ எதுவும் இல்லை.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. இடுக்கில் நிலா வெளிச்சம். சுவரோரம் ஒரே அளவில் வெட்டி, நேர்த்தியாக அடுக்கிய குவியல். கரும்பு இல்லை. ஒரு துண்டில் சிவப்புத் துணி, எண்ணெய் மினுங்க.

உச்சியில் எடைச்சீட்டு. ஓரெஸின் பெயர். முந்நூற்று எண்பது. குறுக்கே ஒரு கோடு.