நடுங்காத முகம்

அந்த நாட்களில் ரீபாவின் பார்வையில் எல்லாமே நடுங்கின. கட்டிலுக்கு அடியில் கிடந்த மொசைக் தரையின் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் அவள் மூச்சு விட்டால் நடுங்கின, எச்சில் விழுங்கினால் நடுங்கின, தெருவில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கற்களைப் போல நெளிந்து கலைந்து மறுபடி கூடின. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதனால்தான் அன்று மத்தியானம் அது அவள் கண்ணில் பட்டது. தரையில் ஓரிடம் மட்டும் நடுங்கவில்லை.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் திட்டு. அவள் வேண்டுமென்றே தலையை லேசாக அசைத்துப் பார்த்தாள். சுற்றியிருந்த தரை முழுவதும் அலையடித்தது. திட்டு அப்படியே நின்றது.

ரீபா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகு கணவன் ஜாபேஸுடன் சேரன்மகாதேவியில் வாய்க்காலை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தாள். போன மாதம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது. வலி கொஞ்சமும் இல்லை. விழித்திரை கிழிந்து, மழையில் நனைந்த போஸ்டர் சுவரைவிட்டு உரிவதுபோலக் கண்ணின் பின்சுவரைவிட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் பிறவியிலேயே மந்தம். அதற்கு ஆள் வருவது தெரியும், வருவது யார் என்று தெரியாது. ஆகையால் இருப்பது ஒரே கண்தான். மறுநாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் நிரம்பியிருந்த கூழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்பினார்கள். வாயு எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் கண்ணின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டும். முகம் கீழே இருக்க வேண்டும்.

"குமிழி கரையுற வரைக்கும் குப்புறத்தான் இருக்கணும்மா. சாப்பிடும்போதும் குனிஞ்சே சாப்பிடுங்க. நிமிர்ந்தீங்கன்னா திரை மறுபடி பிரிஞ்சிரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

ஜாபேஸ் தச்சரை வரவழைத்து, பலகைக் கட்டிலின் தலைமாட்டில் முகம் நுழையும் அளவுக்கு ஒரு வட்டம் அறுக்கச் சொன்னான். அதன் விளிம்பில் பழைய துண்டைச் சுற்றினான். அந்த ஓட்டைக்குள் முகத்தைப் பதித்துக்கொண்டு ரீபா கிடந்தாள். வீடு அவளுக்குக் காலடிகளாகவும் வாசனைகளாகவும் சுருங்கிப்போனது. செருப்பைத் தேய்த்து நடப்பது ஜாபேஸ். மெட்டி தரையில் தட்டத் தட்ட வருவது சமையலுக்கு வரும் சுடலைவடிவு. காலையில் வயல்பக்கமிருந்து ஈர வைக்கோல் வாசனை வரும், மத்தியானம் ரசத்தின் பெருங்காய வாசனை வரும். கண்ணில் மருந்து விட்ட சற்று நேரத்தில் அதன் கசப்பு தொண்டைக்கு இறங்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் குழாய் இருக்கிறது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இப்போதுதான் அதைக் கசக்கக் கசக்க உணர்ந்தாள்.

திட்டு மறுநாளும் இருந்தது. கொஞ்சம் பெரிதாகி இருந்தது.

"வடிவு, கட்டிலுக்குக் கீழ ஏதும் கறை இருக்கா பாரு."

மெட்டிச் சத்தம் நெருங்கி வந்தது. வடிவின் கை ஒரு ஈரத்துணியோடு தரையில் வட்டமடித்தது. கையும் துணியும் நடுங்கி நெளிந்தன. அந்தக் கை திட்டுக்கு அடியில் போய் வந்தது. மேலே அல்ல, அடியில்.

"ஒண்ணும் இல்லயே டீச்சர். தரை பளிச்சுனு கெடக்கு. நீங்க கண்ண மூடிட்டுப் பைய உறங்குங்க."

ரீபாவுக்குப் பயம் வந்தது. இருந்தாலும் பாடம் எடுத்த புத்தி சும்மா இருக்கவில்லை. கண்ணுக்குள்ளேயே ஏதோ ரத்தத்துளி தேங்கியிருக்கலாம் என்று நினைத்தாள். வலது கண்ணை மூடினாள், திட்டு இல்லை. மந்தக் கண்ணால் மட்டும் பார்த்தாள். மங்கலான தரைதான் தெரிந்தது, திட்டு இல்லை. மறுபடி வலது கண்ணைத் திறந்தாள். இருந்தது. அப்போது அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. விழித்திரைக்கு முன்னால் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாக ஓடுகின்றன, ஆனால் யாரும் தங்கள் ரத்தக்குழாயைப் பார்ப்பதில்லை. கண்ணோடு கண்ணாக அசையாமல் நிற்பதை மூளை சற்று நேரத்தில் அழித்துவிடும். கண்ணுக்குள் இருக்கும் எதுவும் இவ்வளவு நேரம் அழியாமல் நிற்காது.

அப்படியானால் அது கண்ணுக்குள் இல்லை.

சாயங்காலம் ஜாபேஸ் வந்ததும் சொன்னாள். அவன் உடனே டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அவள் காதருகே பிடித்தான்.

"வாயு இருக்கும்போது நிழல் மாதிரி, வளையம் மாதிரி எல்லாம் தெரியும்மா. பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "இப்ப உங்களுக்குத் தூரத்துல இருக்கிறது எதுவும் தெளிவா தெரியாது. முகத்துக்கு ஒரு விரக்கடை தூரத்துல, ஒரு விரல் அகலத்துக்குக் கிட்ட கொண்டுவந்தா வேணா தெளிவா தெரியும்."

போனை வைத்தபின் ஜாபேஸ் சிரித்தான். "கேட்டியா? ஒண்ணுமில்ல. நீ நம்பமாட்டேங்க. இரு, நானே கீழ வந்து பாக்கேன்."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேர் கீழே தலையை வைத்தான். பவுடரும் வேர்வையும் கலந்த அவன் வாசனை மேலே வந்தது. அவன் முகம் குழம்பிய தண்ணீரில் மிதக்கும் இலைபோல நெளிந்தது.

"பாரு, நான்தான் இருக்கேன். வேற யாரு இருக்கா இங்கன?"

நெளிந்துகொண்டிருந்த அந்த முகத்துக்கும் அவளுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், அசையாமல் அது இருந்தது. அவன் பேசும்போது அவன் வாய் அதற்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தது.

"வெளிய வாங்க" என்றாள். "ஏங்க, உடனே வெளிய வாங்க."

அவன் எழுந்து நின்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். "கட்டிலுக்குக் கீழ என்ன இப்படிக் குளிருது" என்றான்.

அதற்குப் பின் வந்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிரம்பி ஓடும் சத்தம் ராவும் பகலும் சுவருக்கு அப்பால் கேட்டது. சேற்றுநாற்றம் ஜன்னல் வழியாக வந்து துணிமணியிலெல்லாம் ஏறியது. கண்ணுக்குள் குமிழி நாளுக்கு நாள் சிறுத்தது. குமிழிக்கு வெளியே ஓரமாகத் தெளிந்த பார்வை வளையம்போல விரிந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் குமிழி சிறுக்கச் சிறுக்க அது மட்டும் பெருத்தது. முதலில் வெறும் வட்டம். பிறகு வட்டத்தில் இரண்டு பள்ளங்கள். பிறகு நடுவில் ஒரு மேடு. ஒரு விடியற்காலையில் விழித்தபோது, இத்தனை நாள் தான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு முகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்கள் மூடியிருந்தன. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனிபோலத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தலைமயிர் நாலா பக்கமும் விரிந்து கிடந்தது, மிதப்பதுபோல, ஆனால் ஒரு மயிர்கூட அசையவில்லை.

ஜெபம் சொல்லப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த ஜெபம் பாதியில் அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் போய்விடும். ஆனால் மூடியிருக்கும்போது அது எவ்வளவு தூரம் வந்தது என்று தெரியாது. அதனால் திறந்தாள். ஒவ்வொரு முறை திறந்தபோதும் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. புருவத்தின் ரோமங்கள். உதட்டின் வெடிப்பு. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இமைமயிர்.

தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னால முடியல. நான் எந்திரிக்கேன்" என்றாள் ஜாபேஸிடம்.

அவன் கட்டிலருகே முழங்காலிட்டு அவள் பின்னங்கழுத்தில் கை வைத்தான். அழுதுவிடுவான்போல இருந்தது அவன் குரல். "இன்னும் நாலே நாளு ரீபா. உனக்கு இருக்கது ஒத்தக் கண்ணு. நாளைக்கு நமக்கு ஒரு பிள்ள பொறந்தா அது மொகத்தப் பாக்காண்டாமா நீ? எனக்காகப் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள்.

அன்று இருட்டும் நேரத்தில் கண்மருந்து தீர்ந்துவிட்டது. ஜாபேஸ் வாங்கப் போயிருந்தான். சமையலை முடித்துக்கொண்ட வடிவு, "மழ பலமா வருது டீச்சர். சார் இப்ப வந்துருவாவ, நான் வாரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மெட்டிச் சத்தம் மழைக்குள் கரைந்தது. ரீபா கண்களை மூடி, ஓட்டில் மழை விழும் சத்தத்தையும், வாய்க்கால் உறுமுவதையும், தன் காதுக்குள்ளேயே ரத்தம் அடிப்பதையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது பையப் பைய ஓய்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது.

இருட்டில் எதுவும் தெரியாது. அந்த நினைப்பில் முதன்முறையாக அவளுக்கு ஆறுதல் உண்டானது. வெளிச்சம் இல்லாமல் கண் பார்க்காது. அது யாருக்கும் பொது.

கண்ணைத் திறந்தாள்.

தரை இல்லை. புள்ளிகள் இல்லை. முகம் இருந்தது.

கும்மிருட்டில், ஒவ்வொரு மயிரும் தெளிவாக.

மூச்சை அடக்கினாள். சேற்றுநாற்றம். ஜன்னலிலிருந்து அல்ல. கீழிருந்து. அவள் கன்னத்தில் ஒரு குளிர். பிறகு இமை ஓரத்தில் ஏதோ உரசியது. மெல்ல. சிலந்தி இழைபோல. இன்னொரு முறை.

இமைமயிர்.

அவளுடையது அல்ல.

அந்த மூடிய இமைகளுக்கு அடியில் விழி உருண்டது. இடமிருந்து வலமாக. இமை துடித்தது. திறக்கப்போகிறது.

ரீபா நிமிர்ந்தாள்.

ஓட்டையின் விளிம்பில் நெற்றி கிழிய, கட்டிலிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். தலை சுவரில் மோதியது. கண்ணுக்குள் மின்னல் மின்னலாக வெட்டியது. பிறகு கறுப்புத் திரை இறங்கியது. இந்த முறை ஓரத்திலிருந்து இல்லை. எல்லாப் பக்கமிருந்தும்.

ஜாபேஸ் நனைந்துகொண்டே வந்து அவளைத் தூக்கினான். அன்றிரவே மறுபடி அறுவை செய்தார்கள். பலன் இல்லை. விழித்திரை சுருண்டுபோய்விட்டது, இனி ஒட்டாது என்றார் டாக்டர். கண்ணை மூடிக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஏன் எந்திச்ச?" என்று ஜாபேஸ் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் சொல்லாததால் அப்புறம் கேட்கவில்லை. கட்டிலை மட்டும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உடைத்துப் போட்டான். மந்தக் கண்ணின் புகைமூட்டத்தில் ரீபா சுவரைத் தடவி நடக்கப் பழகினாள். பாத்திரங்களை இருக்குமிடம் பார்த்து எடுக்கப் பழகினாள். பள்ளிக்கு இனிப் போகமுடியாது என்று தெரிந்த அன்று மட்டும் வெகுநேரம் அழுதாள். இருந்தும் ராத்திரிகளில் மல்லாந்து படுத்து, கட்டுக்கு அடியில் இருந்த வெறும் கறுப்பைப் பார்க்கும்போது, அவளுக்குள் யாரிடமும் சொல்லமுடியாத ஒரு நிம்மதி இருந்தது. கண் போனதோடு அதுவும் போயிற்று.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. ஜாபேஸ் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். டாக்டர் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். பஞ்சை எடுத்து, பிசினாக ஒட்டியிருந்த இமையை ஈரத்துணியால் துடைத்துத் திறந்தார். மந்தமான இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் நன்றாக மூடினார்.

"டார்ச் அடிக்கேன்மா. வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல டாக்டர்."

கறுப்பு. வெறும் கறுப்பு.

"இப்ப?"

"இல்ல."

டாக்டர் நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே வந்தார். டார்ச்சை அணைத்து அணைத்துப் போடும் கிளிக் சத்தம் கேட்டது.

"ஆச்சரியமா இருக்கே" என்றார். "கண்பாப்பா சுருங்குதே. வெளிச்சம் பட்டதும் நல்லா சுருங்குது. செத்த திரையில இப்படி வராது."

ஜாபேஸின் பிடி அவள் தோளில் இறுகியது. "டாக்டர்… அப்ப பார்வை இருக்கா?"

"இருங்க. டார்ச்ச அசைச்சுப் பாக்கேன். ரீபா, நீங்க ஒண்ணும் முயற்சி பண்ணாதீங்க, சும்மா இருங்க."

அவள் சும்மாதான் இருந்தாள். அப்போதுதான் அந்தக் கறுப்பு வெறும் கறுப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் இழை இழையாக ஏதோ இருந்தது. ஈரமாக. ஒரு விரக்கடை தூரத்தில். நடுங்காமல்.

தலைமயிர்.

ஒரு தலையின் பின்பக்கம்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் கண்ணின் வாசலில் உட்கார்ந்து, அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் கொண்டு போறேன்" என்றார் டாக்டர்.

தலை இடது பக்கம் திரும்பியது.

"கண்ணு கூடவே வருது சார்!" என்றார் ஜாபேஸிடம். "இப்ப வலது பக்கம்."

தலை வலது பக்கம் திரும்பியது.

"ஆண்டவரே" என்றான் ஜாபேஸ். அழுதுகொண்டே சிரித்தான். "ரீபா, உன் கண்ணு பாக்குதுட்டி. கண்ணு பாக்குது."

அவள் ஜாபேஸின் கையைப் பற்றி இழுத்தாள்.

"போதும், அதுக்கு ரொம்ப சிரமம் கொடுக்காண்டாம்" என்று டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

வெளியே பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. தலை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு, பைய, அவள் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.